தீட்சையும் தலைமையும்: யாழ்ப்பாணச் சைவச் சபைகளின் வரலாற்றில் ஒரு பிரிவினை

யாழ்ப்பாணத்துச் சைவ விழா ஒன்றின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால் இரண்டு வரிகள் தவறாமல் இருக்கும். ‘ஆசியுரை’ என்பதற்கு எதிரே ஒரு குருக்களின் பெயர் அல்லது ஆதீன முதல்வரின் பெயர். ‘தலைமை’ என்பதற்கு எதிரே ஓய்வுபெற்ற அதிபர், சட்டத்தரணி, சபைத் தலைவர் என்று யாராவது ஒருவர். முன்னவர் அபிஷேகம் பெற்று அந்த இடத்துக்கு வந்தவர். பின்னவரைப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்திருப்பார். இருவரும் ஒரே மேடையில் இருப்பார்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்யமாட்டார்.

இந்த ஏற்பாடு ஆகமத்தில் இல்லை. ஆகமம் சொல்லும் வரிசையில், கூட்டத்துள் ஒருவனைச் சேர்க்கும் சடங்கும் அக்கூட்டத்துக்குத் தலைவனை ஆக்கும் சடங்கும் ஒரே ஏணியின் படிகள். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் அந்த ஏணியை நடுவில் முறித்தது. கீழ்ப்படிகளை ஊருக்குப் பொதுவாக்கியது; மேற்படியைப் பரம்பரையிடம் விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் சடங்கே இல்லாத புதுத் தலைமை ஒன்றை நிறுத்தியது. அது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

கண்ணைக் கட்டி, பூவை எறிந்து

தமிழகத்திலும் ஈழத்திலும் சைவக் கிரியைகளுக்கு அடிப்படையாக நிற்பவை பத்ததிகள் எனப்படும் கிரியைக் கையேடுகள். 11ஆம் நூற்றாண்டின் சோமசம்பு பத்ததி, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகோரசிவாசாரியார் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகை ஆகிய இரண்டும் முதன்மையானவை. தீட்சையைச் சமயம், விசேடம், நிருவாணம் என மூன்று நிலையாக இவை வகுக்கின்றன. அதற்கு மேல் ஆசாரியாபிஷேகம்.

சமய தீட்சையில் சீடனின் கண்ணை வெள்ளைத் துணியால் கட்டி மண்டபத்துக்குள் அழைத்து வருவார்கள். அவன் கையில் பூவைக் கொடுத்து, முன்னால் இருப்பது தெரியாமலே இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தை நோக்கி எறியச் செய்வார்கள். பிறகு கட்டவிழ்ப்பு. பூ சிவனின் ஐந்து முகங்களுள் எதன் பக்கம் விழுந்ததோ அதைக் கொண்டு தீட்சா நாமம் அமையும். குரு தம் வலக்கையில் மந்திரங்களை நியாசம் செய்து சிவனுடைய கையாகப் பாவித்துச் சீடன் தலையில் வைப்பார்.

நிருவாண தீட்சை இன்னும் நுணுக்கமானது. சீடனின் உயரத்துக்கு ஒரு நூல். அதன் ஒரு முனையைக் குடுமியில் கட்டிக் காற்பெருவிரல் வரை தொங்கவிடுவார்கள். இது பாசசூத்திரம். நிவிருத்தி முதலான ஐந்து கலைகளையும், அவற்றுள் அடங்கும் 36 தத்துவங்களையும் 224 புவனங்களையும் அந்த நூலில் ஏற்றி, பகுதி பகுதியாக அறுத்து அக்கினியில் இடுவார் குரு. கடைசியில் குடுமியின் நுனியும் தீக்குப் போகும். ஓர் உயிரின் கட்டுகள் எல்லாம் கண்ணெதிரே எரிந்துபோகின்றன என்பது சடங்கின் கருத்து.

ஐரோப்பியச் சகோதரத்துவச் சங்கங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்டும். பிரீமேசன் சங்கத்திலும் மூன்று நிலைகள் உண்டு, புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டுவார்கள், கயிறும் உண்டு, மூன்றாம் நிலைக்கு மேல், லொட்ஜ் எனப்படும் கிளையின் தலைவரைப் பீடத்தில் ஏற்றும் சடங்கும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைக்கு வந்த சங்கம் அது. இதைக் கொண்டு யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று கிளம்புவது வீண் வேலை. இலண்டனில் கிராண்ட் லொட்ஜ் அமைந்தது 1717இல்; அகோரசிவரின் பத்ததி அதற்கு ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. வெளியாளை உள்ளாளாக்க வேண்டிய எந்தக் கூட்டமும் இருட்டையும் கட்டையும் நாடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. வேறுபாடுதான் நமக்கு முக்கியம். மேசன் சங்கத்தில் தலைவரை அங்கத்தவர்கள் தெரிவுசெய்கிறார்கள், அதன்பின் சடங்கு செய்கிறார்கள். ஆகமத்தில் தெரிவு குருவினுடையது. கூட்டத்துக்கு அதில் வாக்கு இல்லை.

கோயில் இடிந்த காலம்

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619இல் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்த இரு ஆட்சிகளிலும் குடாநாட்டில் ஒருவரைப் பொதுவாழ்வுக்குள் சேர்த்த சடங்கு ஞானஸ்நானம். ஒல்லாந்தர் ஆட்சியில் கோயிற் தோம்பில், அதாவது தேவாலயப் பதிவேட்டில், பெயர் ஏறாதவருக்கு உத்தியோகம் இல்லை. திருமணப் பதிவும் சொத்துரிமையும் அதையொட்டியே நடந்தன. தோம்பில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் வாழ்ந்த தலைமுறைகள் பல. சடங்கு என்பது அரசாங்கத்தின் வாசற்கதவாகவும் இருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தார் அப்போதே அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

தீட்சை வேண்டியவர்கள் கடலைக் கடந்தார்கள். திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் போர்த்துக்கேயர் காலத்தில் ஊரை விட்டுப் போய்த் துறவு பூண்டு, சிவஞானசித்தியாருக்கு உரை செய்தவர். வரணியைச் சேர்ந்த தில்லைநாதத் தம்பிரான் வேதாரணியம் கோயிலின் பொறுப்பைப் பெற்றார். அக்கோயிலின் நிருவாகம் ‘யாழ்ப்பாணத்து வரணி ஆதீனம்’ என்ற பெயரோடு நெடுங்காலம் தொடர்ந்தது. எதிர்த்திசையில் தஞ்சைப் பக்கத்திலிருந்து கூழங்கைத் தம்பிரான் வந்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலைக் கட்டிய வைத்திலிங்கச் செட்டியாருக்கு வழிகாட்டியவர் அவரே என்பது யாழ்ப்பாண மரபு. ஆக, 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்தபோது கோயில்கள் திரும்ப எழுந்தன. தம்பிரான்களை உண்டாக்கும் மடம் மட்டும் காவிரிக்கரையிலேயே இருந்தது.

அமெரிக்கர் கற்பித்த சங்கம்

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. செமினரியின் கல்வியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அங்கு நடந்த சேர்ப்பு முறை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. சபையில் சேர விரும்பும் மாணவனை முதலில் விசாரிப்பார்கள். அவன் மனம் மாறியதற்குச் சான்று கேட்பார்கள். பிறகு சபையார் முன்னிலையில் விசுவாச அறிக்கைக்கும் உடன்படிக்கைக்கும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இது ஒல்லாந்தர் தோம்பு போன்றதல்ல. ஆள் வாயைத் திறந்து ‘ஆம்’ என்று சொல்ல வேண்டிய சடங்கு.

பெயரும் மாறியது. விடுதி மாணவருக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க அன்பர்களின் விருப்பப்படி பெயர்கள் இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய விசுவநாதபிள்ளை பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார். ‘கரோல்’ திரும்பவில்லை, பெயரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. சிதம்பரப்பிள்ளையின் மகன் நெவின்ஸ் செல்வத்துரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கே நீண்டகாலம் அதிபராக இருந்தார். மிஷன் இட்ட பெயர் சைவக் கல்லூரியின் அதிபர் நாற்காலியில் அமர்ந்த வேடிக்கை வேறு எந்த ஊரிலும் நடந்திருக்குமோ தெரியாது.

மிஷன் கொண்டுவந்த இன்னொரு பொருள் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை, சந்தாப் பட்டியல். அமெரிக்க மிஷன் கொங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. அம்மரபில் பேராயர் கிடையாது; சபையார் கூடித் தீர்மானிப்பார்கள். யாழ்ப்பாணத்துப் படித்த வகுப்பார் கூட்டம் நடத்தக் கற்றது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

நாவலரின் வெள்ளிக்கிழமை

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில் மண்டபத்தில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கத் தொடரைத் தொடங்கினார். நல்லூர் கார்த்திகேயையரும் அவருடன் சேர்ந்து பேசினார். உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு வேலை செய்த நாவலருக்குப் பிரசங்க மேடையின் பலம் நன்றாகத் தெரியும். அதை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவந்தார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் ‘நாவலர்’ பட்டம். அச்சியந்திரத்தையும் அதே ஆண்டு கொண்டுவந்தார்.

நாவலர் தீட்சையைப் பேசிய விதமே இங்கு ஆராயத்தக்கது. அதுவரை தீட்சை என்பது குடும்பத்துக்கும் அதன் குலகுருவுக்கும் இடையிலான காரியம். கிரியை கிரந்த ஏட்டில் இருந்தது. ஏடு குருவின் வீட்டில் இருந்தது. நாவலர் சைவ வினாவிடையிலும் அனுட்டான விதியிலும் தீட்சையின் வகை, தகுதி, தீட்சை பெற்றவர் நாள்தோறும் செய்ய வேண்டிய ஆசமனம், திருநீறு தரிக்கும் முறை, செபம் எல்லாவற்றையும் எளிய உரைநடையில் கேள்வியும் விடையுமாக அச்சிட்டுக் கொடுத்தார். வினாவிடை என்ற வடிவமே மிஷன் பள்ளியின் கற்பித்தல் முறையோடு ஒத்துப்போவது. கிறிஸ்தவப் பிள்ளைக்கு வினாவிடை உண்டு, ஞானஸ்நானம் உண்டு. சைவப் பிள்ளைக்கு என்ன உண்டு என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் இது: அவனுக்கும் வினாவிடை உண்டு, தீட்சை உண்டு.

அத்தோடு அவர் தீட்சையை ஓர் அளவுகோலாகவும் ஆக்கினார். 1870களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி அவர் எழுப்பிய வழக்கில், கோயில் ஆகமவிதிப்படி அமையவில்லை, பூசகர் சிவதீட்சை பெறவில்லை என்பன முக்கியமான குற்றச்சாட்டுகள். பிறப்பால் பிராமணராக இருந்தால் போதாது, தீட்சை வேண்டும் என்று இல்லறத்தாரும் அல்லாத, ஆசாரியரும் அல்லாத வேளாளர் ஒருவர் ஊரறியச் சொன்னார். அந்தத் துணிவு பெரிது. அதே நாவலர் சாதி வரம்பைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அச்சுப் புத்தகத்தை யாரும் வாங்கலாம். தீட்சை மண்டபத்துக்குள் யாரும் நுழைய முடியாது. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியை அவர் பிரச்சினையாகக் கருதியதற்கு அடையாளம் இல்லை.

நல்லூர்க் கோயில் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் அமைத்த அக்கோயிலை அவருடைய வழிவந்தவர்களே இன்றும் நடத்துகிறார்கள். யாழ்ப்பாணக் கோயில்களில் ‘ஆதீனகர்த்தா’ எனப்படும் இந்தப் பரம்பரை உரிமையாளர் மூன்றாவது வகைத் தலைவர். அவருக்கு அபிஷேகமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. தகப்பனுக்குப் பின் மகன். அவருடைய தலைமை ஆண்டுதோறும் கோயில் மரியாதையில் புதுப்பிக்கப்படுகிறது. நல்லூரில் கொடியேற்றத்துக்கு முன் கொடிச்சீலை கொண்டுவரும் செங்குந்தர் குடும்பத்துக்குக் காளாஞ்சி கையளிப்பது ஒரு தனி நிகழ்வு. யார் யாருக்குக் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பதில் ஊரின் அதிகார வரிசை முழுவதும் தெரிந்துவிடும்.

1888

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலையைத் தாங்க 1888இல் சைவ பரிபாலன சபை உருவானது. மறு ஆண்டு ‘இந்து ஓர்கன்’, ‘இந்து சாதனம்’ பத்திரிகைகள். 1890இல் இந்துக் கல்லூரி அதன் பொறுப்பில். சபையின் முதல் தலைவராகத் திருவிதாங்கூரில் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற செல்லப்பாபிள்ளை அமர்ந்தார்.

சமயத்தைக் காக்கத் தோன்றிய சபை தனக்குத் தலைவராக ஓர் ஆசாரியரைத் தேடவில்லை, ஒரு நீதிபதியைத் தேடியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. அரசாங்கத்துக்கு மனு எழுத வேண்டும், பாடசாலைக்கு உதவிநன்கொடை பெற வேண்டும், மிஷனோடு ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். குருக்களுக்கு இவை பழக்கமில்லை. மிஷன் சங்கத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டபோது அதன் தலைமை முறையும் கூடவே வந்தது: தெரிவு, பதவிக்காலம், அறிக்கை. தலைமையேற்பில் கும்பமும் இல்லை, ஓமமும் இல்லை. அதிகம் போனால் ஒரு மாலையும் ஒரு தேவாரமும்.

ஆசாரியாபிஷேகம் தன் பழைய இடத்திலேயே இருந்தது. இலங்கையில் சிவாசாரியர் குலத்துப் பிள்ளைக்கு உபநயனம் ஆனால் ‘சர்மா’. மூன்று தீட்சையும் முடித்து, திருமணமாகி, ஆசாரியாபிஷேகம் பெற்ற பிறகே ‘குருக்கள்’. அன்று கலசங்களின் நீரால் அவரை நீராட்டி, தலைப்பாகை, குடை, பாதுகை, செபமாலை, புத்தகம் முதலியவற்றைக் குரு கையளிப்பார். அரசனுக்குரிய சின்னங்கள் பாதி, ஆசிரியனுக்குரியவை பாதி. அதன்பின் அவர் பிறருக்குத் தீட்சை கொடுக்கலாம், கும்பாபிஷேகம் நடத்தலாம். தாம் பெற்றதைக் கொடுக்கும் உரிமைதான் இந்தச் சடங்கின் சாரம். சபைத் தலைவருக்கு அந்த உரிமை எந்நாளும் கிடைக்கவில்லை.

கீழ்ப்படியில் நடந்ததோ நேர்மாறானது. சபைகளும் கோயில்களும் பாடசாலைகளும் சமய தீட்சையைக் கூட்டு நிகழ்ச்சியாக்கின. இன்று மாணவர்கள் வரிசையாக வேட்டியுடனும் பாவாடை தாவணியுடனும் அமர்ந்திருக்க, ஒரு காலை நேரத்தில் புண்ணியாகவாசனம், ஓமம், தலையில் கைவைப்பு, காதில் பஞ்சாட்சரம், அனுட்டானப் பயிற்சி எல்லாம் முடிந்துவிடும். கண்கட்டும் பூவெறிதலும் சுருங்கிவிட்டன, அல்லது அடையாளமாக நடக்கின்றன. தீட்சை பெற்றால் மச்சம் மாமிசம் விடவேண்டும் என்பதால் பெரியவர்களில் பலர் பென்ஷன் எடுத்த பிறகே குருவைத் தேடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பத்ததியே சிறுவர், முதியோர், நோயாளர் முதலியோருக்கு நியமம் விதிக்காத நிர்ப்பீச தீட்சை என்று ஒரு வழியை வைத்திருக்கிறது.

தீட்சை மக்களிடையே எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்குச் சான்று சாவீட்டில் இருக்கிறது. ஆகமத்தில் அந்தியேட்டி தீட்சை பெற்றவருக்குரிய கிரியை. நிருவாண தீட்சையின் அமைப்பையே உயிர்நீத்தவருக்குச் செய்வது. யாழ்ப்பாணத்திலோ 31ஆம் நாள் காரியத்துக்கே அந்தியேட்டி என்று பெயர். கீரிமலைக்குப் போய்ச் செய்யாத சைவக் குடும்பம் அரிது. வாழ்நாளில் தீட்சைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவரும் இறந்தபின் தீட்சிதரின் மரியாதையோடு போகிறார். இதைச் செய்விப்பவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாத சைவக் குருமார். கோயிற் கருவறைக்குள் போகாத இந்தக் குருமார்தாம் குடாநாட்டில் மிக அதிகமானோருக்கு நிருவாணக் கிரியையின் மந்திரங்களைச் சொன்னவர்கள். ஆய்வாளர் இவர்களை ஓரத்தில் வைத்தது பெருங்குறை.

இரண்டு அபிஷேகங்கள்

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு திருப்பம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபை அதில் இணைந்தது. பேராயரே வேண்டாம் என்றிருந்த மரபினர் சபாபதி குலேந்திரனை முதற் பேராயராக ஏற்றார்கள். தலையில் கைவைத்துத் திருநிலைப்படுத்தும் சடங்கு கூட்டத் தீர்மானத்துக்கு மேலே ஏறியது. வட்டுக்கோட்டைக் கோவில் பேராலயமானது. அம்மறைமாவட்டம் தமிழில் தன்னை ‘யாழ் ஆதீனம்’ என்றே அழைத்துக்கொள்கிறது.

1966இல் நல்லூரில் திருஞானசம்பந்தர் ஆதீனம் தோன்றியது. கதாப்பிரசங்கத்தால் ஊரெல்லாம் அறியப்பட்டிருந்த மணி ஐயர் துறவு பூண்டு, சுவாமிநாத தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள் என்ற நாமத்தோடு முதற் குருமகா சந்நிதானமானார். காவிரிக்கரையில் இருந்த பீடமும் காவியும் குடாநாட்டுக்குள் வந்தன. கூட்டத் தீர்மானத்தால் தலைவரை உண்டாக்கிப் பழகிய இரு சமூகங்களும், ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில், சடங்கால் உண்டாகும் தலைவரைத் தேடியிருக்கின்றன. தெரிவான தலைவர் கணக்குக் காட்டலாம், வழக்குப் பேசலாம்; ஆசி கூற அவருக்கு அதிகாரம் இல்லை என்ற குறை இரு பக்கத்திலும் உணரப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தமிழக ஆதீனங்களைப்போல் நிலமும் கோயில்களும் நல்லை ஆதீனத்துக்கு இல்லை. ஆதீனம் வந்தபின்னும் பாடசாலையையும் கோயிலையும் நடத்தியவர்கள் சபைத் தலைவர்களும் ஆதீனகர்த்தாக்களுமே.

இவர்கள் எவரோடும் சேராத ஒரு சித்தர் வரிசையும் உண்டு. கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி. நல்லூர்த் தேரடியில் செல்லப்பர் அதட்டிய அதட்டலே யோகருக்குத் தீட்சை என்பார்கள் அடியார்கள். குண்டமும் இல்லை, மண்டலமும் இல்லை. 1949இல் கொழும்புத்துறைக் குடிலுக்கு வந்த அமெரிக்க இளைஞர் ஒருவரின் முதுகில் யோகர் ஓங்கி ஓர் அறை கொடுத்தார். அதையே தம் தீட்சையாக அந்த இளைஞர், பின்னாளில் ஹவாயில் மடம் அமைத்த சிவாய சுப்பிரமுனியசுவாமி, எழுதிவைத்தார். சைவ சித்தாந்தம் எண்ணும் ஏழு தீட்சைகளில் தொடுதலால் ஆவதும் ஒன்று. அறையையும் அதில் அடக்கலாமா என்று பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அமைப்பே வேண்டாம் என்ற இந்த மரபிலும் 1935இல் ‘சிவதொண்டன்’ இதழும் 1953இல் வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையமும் எழுந்தன. யோகர் 1964இல் சமாதியடைந்தபின் நிலையம் தொடர்கிறது; பீடாதிபதி என்று ஒருவரை அது அபிஷேகம் செய்து ஏற்றவில்லை.

இந்த வரலாற்றுக்கான ஆதாரங்கள் பெரிய நூல்களில் குறைவு. 31ஆம் நாள் வெளியிடப்படும் ‘கல்வெட்டு’ மலர்களில் இறந்தவர் எந்தக் குருவிடம் தீட்சை பெற்றார் என்ற வரி இருக்கும். ஆசாரியாபிஷேக மலர்களில் குரு பரம்பரை இருக்கும். சபை ஆண்டறிக்கைகளில் தீட்சை விழாவின் செலவுக் கணக்கு இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு ஏடுகளும் பெட்டிகளும் போயின. எஞ்சியவை இன்னும் கொழும்பிலும் கனடாவிலும் அலுமாரிகளின் மேல்தட்டில் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள் அவற்றை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்து மின்வருடிக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதி உங்களிடமே திரும்பி வரும்.